பலாமரத்தடி இலை

வாழவந்தி நாடு, கொல்லிமலை
7 மார்ச்சு 1937

அன்புள்ள அக்காளுக்குத் தம்பி சின்னுசாமி எழுதிக்கொண்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. திருச்சினாப்பள்ளி வெயிலில் நீங்களும் மாமாவும் குட்டிப் பாவாயியும் வாடாமல் இருக்கிறீர்களா?

நீங்கள் கல்யாணமாகி மலையிறங்கியபோது எனக்கு எட்டு வயசு. பதினோரு வருஷமாக மேலே வரவில்லை. அப்பா காரியத்துக்குக்கூட மாமா மட்டும்தான் வந்தார். அக்காளுக்குப் பட்டணம் பிடித்துப்போய்விட்டது என்று இங்கே சொல்கிறார்கள். ஒரு உபகாரம் கேட்கப் போகிறேன், அதற்கு முன்னால் கொஞ்சம் சண்டை போட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

என் முகம் கெட்டுவிட்டது, அக்கா. இரண்டு வருஷமாகப் பரு. முதலில் மற்றப் பையன்களுக்கு வருகிற மாதிரிதான் இருந்தது. இப்போது கன்னம், தாடை, கழுத்து எங்கும் சுண்டைக்காய் அளவுக்குக் கட்டி உடைந்து சீழ் வைக்கிறது. மாசியில் ஊர் கூடியபோது, இது பெருவியாதியாக, குஷ்டமாக இருக்குமோ என்று ஒருவர் கேட்டுவிட்டார். கேட்டது ஒருவர், பயம் எல்லோருக்கும் வந்துவிட்டது. ஊர்க்கவுண்டர் அருணாசலம் நல்லவர்தான். அவரும் என்ன செய்வார்? "மனசுல வெச்சுக்காத, சாமி. ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள ஒரு பெரிய டாக்டரு காயிதத்துல எழுதிக் குடுத்தாச் சரி. இல்லீன்னா ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசை போட்டுக்க" என்று சொல்லிவிட்டார்.

அதுவரை ஊர்ப்பந்தியில் எனக்கு இடமில்லை. என் காட்டுக்கு யாரும் ஏர் கொண்டுவருவதில்லை. வீட்டுக்குள்ளும் சாப்பாடு கிடையாது. வாசல் பலாமரத்தடியில் இலை போட்டுச் சாப்பிட்டு, அந்த இலையை நானே எரித்துவிட வேண்டும். உங்களுக்குப் பிடித்த இடம்தானே அது? நீங்கள் எப்போதும் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுவீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு எறும்புதான் தொல்லை.

மாமா ஆஸ்பத்திரித் தோட்டத்தில் வேலை பார்க்கிறாரே, அங்கே தோலுக்கென்று டாக்டர் உண்டா? மலையடிவாரத்தில், புளியஞ்சோலையில் மிளகு வாங்கும் மாரப்பன் கடைக்கு எழுதினால், சந்தைக்கு இறங்குகிறவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடும் சின்னுசாமி


திருச்சினாப்பள்ளி
21 மார்ச்சு 1937

என் கண்ணு சின்னுசாமிக்கு அக்காள் கண்ணாயி எழுதுவது. நாங்கள் மூவரும் நல்லபடி. உன் மாமா சொல்லிக்கொடுத்த எழுத்து இது, கோணலாக இருந்தால் அவரைத் திட்டிக்கொள். உன் கடுதாசியை மூன்று தடவை படித்தேன்.

பயப்படாதே. மதராஸிலிருந்து தோல் டாக்டர் ஒருவர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை இங்கே வருகிறார். ஏப்ரலுக்குப் பேர் நிறைந்துவிட்டது. மே மாதம் வெயிலுக்காக வரமாட்டாராம். ஜூன் முதல் தேதி செவ்வாய், அன்றைக்கு உன் பேரை எழுதிவைத்துவிட்டார் மாமா.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். உனக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற பழக்கம். மே மாதம் முழுவதும் முகத்தில் எதையும் பூசக்கூடாது. கிள்ளக்கூடாது, பிதுக்கக்கூடாது. தலைக்கு வைக்கிற எண்ணெய் நெற்றியில் இறங்கக்கூடாது. டாக்டர் நாலு கேள்வி கேட்பாராம்: எப்போதிலிருந்து இருக்கிறது, இதுவரை என்னென்ன பூசினாய், எப்போது அதிகமாகிறது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா. அவர் முன்னால் போய் நின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். பதிலை இப்போதே எழுதிவைத்துக்கொள்.

எறும்புக்கு மரத்தைச் சுற்றிச் சாம்பல் தூவு. மேற்குப் பக்கம் உட்காராதே, அங்கேதான் புற்று.

அம்மாவுக்கு என் கும்பிடு.
உன் அக்காள்


வாழவந்தி நாடு
18 ஏப்ரல் 1937

அக்காளுக்கு வணக்கம். இங்கே எல்லோரும் சுகம், கன்றுக்குட்டி துள்ளுகிறது. மேற்குப் பக்கம் உட்காராமல் இருந்ததில் எறும்பு பாதி குறைந்துவிட்டது. பட்டணத்திலிருந்துகொண்டு எங்கள் எறும்புக்கு வைத்தியம் சொல்கிறீர்கள்!

நாலு கேள்விக்கும் பதில் எழுதிவிட்டேன், திருத்திக் கொடுங்கள். எப்போதிலிருந்து? இரண்டு வருஷம், கம்பங்கொல்லையில் காவல் இருந்த மாதம் முதல். என்னென்ன பூசினேன்? வேப்பெண்ணெய், சங்கு உரைத்தது, மஞ்சள், எருமைப்பால் ஏடு, அடுப்புக்கரி, எதிர்வீட்டு அத்தாயி கொடுத்த பேர் தெரியாத வேர், கடைசியாக மிளகு. மிளகு அரைத்துப் போட்ட அன்று நான் குதித்த குதியைப் பார்த்து, எனக்குச் சாமி வந்துவிட்டதென்று அத்தாயி கற்பூரம் தேடி ஓடினாள். அதை டாக்டரிடம் சொல்ல வேண்டுமா? எப்போது அதிகம்? வேர்க்கும்போதும், கவலைப்படும்போதும்.

குடும்பத்தில் யாருக்காவது? அம்மாவிடம் கேட்டேன். "யாருக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். மாட்டுக்கு அப்போதுதான் நான் தண்ணி காட்டியிருந்தேன். ஆகவே யாருக்கும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். உங்களுக்கு யாராவது நினைவிருந்தால் எழுதுங்கள்.

இந்த உதவியை நான் எந்த நாளும் மறக்கமாட்டேன்.
தம்பி சின்னுசாமி


திருச்சினாப்பள்ளி
14 மே 1937

சின்னுசாமிக்கு ஆசீர்வாதம். பாவாயிக்கு இருமல் நின்றது. நேரம் இல்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன்.

முப்பதாம் தேதியே இறங்கி, துறையூரில் பஸ் ஏறி வந்துவிடு. டாக்டர் உன்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் அங்கங்கே தொடுவாராம். எங்கே தொட்டார் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். உணர்ச்சி இருந்தால் அது பெருவியாதி இல்லை என்பதற்கு ஒரு நல்ல அடையாளமாம். வீட்டில் அம்மாவைப் பஞ்சால் தொடச் சொல்லிப் பழகிக்கொள். பருத்திப் பஞ்சாக இருக்கட்டும். மிளகு சமாச்சாரத்தையும் சொல்.

அக்காள்


வாழவந்தி நாடு
9 ஜூன் 1937

அக்காளுக்கும் மாமாவுக்கும் கோடிக் கும்பிடு. பத்திரமாக மலையேறிவிட்டேன். நீங்கள் கட்டிக்கொடுத்த புளிச்சோறு துறையூரிலேயே தீர்ந்துவிட்டது.

அம்மா இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள். அவள்மேல் கோபப்படாதீர்கள். ஒரு மாதம் முகத்தில் எதையும் பூசாமல் என்னைக் காவல் காத்தவள் அவள்தான். கிளம்புகிற அன்று விடியலில், "பெரிய டாக்டரு முன்னால அழுக்கு மூஞ்சியோட போய் நிப்பியா, கண்ணு? நம்மள என்ன நெனப்பாரு?" என்று காய்ந்து நாராகிப்போன பீர்க்கங்கூட்டில் சாம்பல் தொட்டு என் முகத்தைத் தேய்த்தாள். விருந்துக்கு முன்னால் பித்தளைக் குடம் தேய்ப்போமே, அப்படித் தேய்த்தாள். பூசக்கூடாது என்றுதான் எழுதியிருந்தீர்கள், தேய்க்கக்கூடாது என்று எழுதவில்லையாம். முகம் முழுக்கத் தோல் உரிந்து நான் வந்து நின்றதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாரே! பஞ்சு பட்ட இடத்தையெல்லாம் சரியாகக் காட்டியும், "புண்ணாக்கின தோலை வைத்துக்கொண்டு எதையும் எழுதித் தரமாட்டேன், ஆறட்டும், ஜூலை ஆறாம் தேதி வா" என்றாரே. அருணாசலக் கவுண்டரிடம் போய்ச் சொன்னேன். ஆடிப் பதினெட்டுக்கு மேல் ஒரு நாளும் தரமுடியாதாம். ஓடைக்கு அந்தப் பக்கம் மூங்கில் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஆனாலும் அக்கா, நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். உங்கள் வீட்டில் மாமாவுக்கும் பாவாயிக்கும் நடுவில் எனக்கு இலை போட்டீர்கள். நாலு மாதம் கழித்துப் பக்கத்தில் ஆள் இருக்கச் சாப்பிட்டேன். பாவாயி என் இலையிலிருந்து அப்பளத்தைத் திருடினாள். நான் கண் கலங்கியது காரத்தினால் இல்லை.

உங்கள் கன்னத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன. என் சின்ன வயசில் நீங்கள் முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டே இருப்பீர்கள், நான் பார்த்ததே இல்லை. அம்மை வார்த்ததா?

நன்றியுடன் சின்னுசாமி


திருச்சினாப்பள்ளி
22 ஜூன் 1937

சின்னுசாமி, என் சாமி, நன்றாக இருக்கிறாயா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்துப்போட்டு இதை எழுதுகிறேன்.

அம்மை இல்லை. பருதான். உனக்கு வந்ததேதான் எனக்கும் வந்தது. பதினைந்து வயசில் ஆரம்பித்தது. ஊர் கூடியது. அதே கேள்வி, அதே பயம். பலாமரத்தடியில் இரண்டு வருஷம் எனக்கு இலை போட்டார்கள். எனக்கு அந்த மரம் ஒரு நாளும் பிடித்ததில்லை, தம்பி. நீ குழந்தை. "அக்கா ஏன் அங்க சாப்புடுது?" என்று நீ கேட்டபோது, "அவளுக்கு அந்த மரம் புடிக்கும்" என்று அப்பா சொன்னார். வேறு என்ன சொல்லுவார்?

எனக்கும் குடிசை போட நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் அப்பா மாமாவின் ஊரான பைல் நாட்டுக்குப் போய், கீழே வேலையிலிருந்த உன் மாமாவுக்கு என்னைப் பேசி முடித்து, முக்காட்டோடு மலையிறக்கிவிட்டார். மாமா வீட்டாருக்கு எதையும் சொல்லவில்லை. இங்கே வந்து மூன்று நாலு வருஷத்தில் எல்லாம் தானாக ஆறி, குழி மட்டும் தங்கிவிட்டது.

அப்பா காரியத்துக்கு நான் வந்தேன். புளியஞ்சோலை வரை வந்தேன். பந்தியில் எனக்கு எங்கே இலை போடுவார்களோ என்ற நினைப்பு வந்தது, கால் நகரவில்லை. மாரப்பன் கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, மாமாவை மட்டும் மேலே அனுப்பினேன். அந்த மனிதர் எனக்கு மோர் கொடுத்தார், இன்றுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

"குடும்பத்தில் யாருக்காவது?" என்று டாக்டர் கேட்டபோது, நீ காயிதத்தைப் பார்த்து "யாருக்கும் இல்லீங்க" என்று படித்தாய். பக்கத்தில் கல் மாதிரி நின்றவள் நான். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருந்தால் அவர் இன்னும் தெளிவாகப் பார்த்திருப்பார். என்னை மன்னித்துவிடு.

நேற்று உன் மாமாவிடம் சொன்னேன். இத்தனை வருஷமாக மறைத்ததைச் சொல்ல அழுதுகொண்டே போனால், "கல்யாணத்தன்னிக்கே பாத்தவன் நானு. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?" என்கிறார். பைல் நாட்டு உறவுக்கும் தெரியட்டும் என்கிறார். இப்படி ஒரு மனிதனோடு பதினோரு வருஷம் பயந்து பயந்து குடித்தனம் பண்ணியிருக்கிறேன், பார்.

ஜூலை ஆறாம் தேதி நான் வாய் திறப்பேன். என் பேரைப் போட்டே காயிதத்தில் எழுதச் சொல்வேன். அம்மாவிடம் பீர்க்கங்கூட்டை ஒளித்துவை.

உன் அக்காள் கண்ணாயி


வாழவந்தி நாடு
29 ஜூன் 1937

அக்கா, சௌக்கியமா என்று கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. 'உங்களுக்குப் பிடித்த இடம்' என்று எழுதிய கையை என்ன செய்வது?

உங்கள் கடுதாசியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். பிறகு, "ஊரு சொல்லுச்சுன்னு அவள அங்க உக்கார வெச்சவ நாந்தான், கண்ணு. தெனமும் அவ இலையப் போட்டவ நாந்தான். உன்ர இலையும் அங்கயே போட வேண்டி வந்துச்சே, நான் எந்த வாயால சொல்லுவேன்?" என்றாள். அன்று மத்தியானம் தன் இலையையும் எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் மரத்தடியில் உட்கார்ந்தாள். ஊர் பார்த்தது. பார்க்கட்டும் என்றாள். தினமும் அங்கேதான் சாப்பிடுகிறாள், முழங்கால் வலியோடு.

ஐந்தாம் தேதி வாரேன்.
சின்னுசாமி


வாழவந்தி நாடு
14 ஜூலை 1937

என் அக்காளுக்கும் மாமாவுக்கும் குலசாமி எல்லா நலமும் கொடுக்கட்டும். பாவாயிக்கு இரண்டு பலாக்கொட்டை மாலை அனுப்புகிறேன், கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஊர் கூடியது. டாக்டர் தன் கையாலேயே தமிழில் எழுதிக்கொடுத்தாரே, அதை நானே நின்று படித்தேன். 'சின்னுசாமிக்கு வந்திருப்பது முகப்பரு. இது பெருவியாதி இல்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. இவருடைய அக்காள் கண்ணாயிக்கும் இதே பரு வந்து ஆறியிருக்கிறது, அவரையும் நான் சோதித்தேன். இருவரும் எல்லோருடனும் சேர்ந்து உண்ணலாம், உழலாம்.' அந்தக் கடைசி வரி அவரிடம் நீங்கள் கேட்டு வாங்கியது.

பிறகு அருணாசலக் கவுண்டர், "அப்ப அந்தப் புள்ளைக்கும் இதுதானா?" என்று கேட்டார். நான் ஆமாங்க என்றேன். தலைப்பாகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கு நாள் குறிச்சவன் நானு. அவள ஆடிப் பதினெட்டுக்கு வரச்சொல்லி எழுது, சாமி. ஊரு கூப்புடுதுன்னு எழுது. எம் பேரையும் போடு" என்றார். போட்டுவிட்டேன்.

இன்று காலை என் காட்டில் ஒன்பது ஏர். முதல் ஏரை அப்பாசாமி ஓட்டினான். மாசியில் முதலில் கேள்வி கேட்டவன் அவன்தான். டாக்டர் கொடுத்த கந்தக மருந்து எரிகிறது, நாற்றமும் அடிக்கிறது. ஆனால் புதிதாகக் கட்டி வரவில்லை. டாக்டருக்கு ஒரு சொப்புத் தேன் அனுப்புகிறேன். உங்களுக்கு என்ன அனுப்பினாலும் போதாது.

நீங்கள் எல்லோரும் வாருங்கள்.
தம்பி


திருச்சினாப்பள்ளி
22 ஜூலை 1937

தம்பிக்கு. அனைவரும் சுகம். மாலை வந்தது, கடித்துவிட்டாள்.

ஒன்பது ஏர் என்று படித்ததும் உன் மாமா கைதட்டினார். எனக்கு அதுவே போதும். நான் வருவது கஷ்டம். மாமாவுக்கு லீவு கிடைக்காது. பாவாயிக்கு மலைக்குளிர் ஆகாது. மழை வேறு. ஊருக்கும் கவுண்டருக்கும் என் கும்பிடைச் சொல். மருந்தை நிறுத்திவிடாதே.

அக்காள்


வாழவந்தி நாடு
27 ஜூலை 1937

அக்காளுக்கு. இங்கே எல்லோரும் நலம். மழை நின்றுவிட்டது. குளிருக்கு அம்மா கம்பளி உலர்த்தியிருக்கிறாள். லீவு கிடைத்துவிட்டதென்று மாமா தனியாக எனக்கு எழுதிவிட்டார்.

ஆடிப் பதினேழாம் நாள் காலையிலிருந்து மாரப்பன் கடையில் காத்திருப்பேன். நீங்கள் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால், நானும் பின்னாலேயே திருச்சினாப்பள்ளி வந்துவிடுவேன். அப்புறம் என் சாமைக்காட்டை யார் பார்ப்பது?

சின்னுசாமி


திருச்சினாப்பள்ளி
10 ஆகஸ்டு 1937

என் கண்ணு சின்னுசாமிக்கு அக்காள் எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தோம். அம்மா முழங்காலுக்கு நான் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறாளா? உன் முகத்தில் தேய்க்கவில்லையே?

ஆடிப் பதினெட்டன்று நம் வாசலை ஒட்டிப் போட்ட பந்தியில் நீ சோறு பரிமாறிக்கொண்டு அந்தக் கோடியில் இருந்தாய். உன் கையால் ஊரே வாங்கிச் சாப்பிட்டதைப் பார்க்கத்தான் நான் மலையேறினேன் என்று நினைத்துக்கொண்டேன். நீ அங்கே இருந்ததால் இந்தக் கோடியில் முதலில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது.

அத்தாயி என் கையில் இலையைக் கொடுத்து உட்காரச் சொன்னாள். எனக்கு என்ன ஆனதோ, தெரியவில்லை. கால் தன்பாட்டுக்கு நடந்தது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. பழைய பழக்கம், வேறொன்றுமில்லை. நம் வாசல் பலாமரத்தடியில், கிழக்குப் பக்கம், இலையை விரித்து உட்கார்ந்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று உறைத்தது. எழுந்திருக்கவும் முடியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அருணாசலக் கவுண்டர் எழுந்தார். போட்ட சோற்றோடு தன் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒரு பருக்கை சிந்தாமல் மெதுவாக நடந்து வந்து, என் எதிரில் மண்ணில் உட்கார்ந்தார். "இங்க நெழலு நல்லா இருக்குது, ஆத்தா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பின்னால் அம்மா வந்தாள். அத்தாயி, அப்பாசாமி, அவன் பிள்ளைகள், உன் மாமா, பாவாயி என்று ஒவ்வொருவராக இலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நீ சோற்றுக்கூடையோடு நிமிர்ந்து, பந்தியைக் காணோமே என்று திருதிருவென்று விழித்தது அப்போதுதான். மேற்குப் பக்கம் உட்கார்ந்தவர்களை எறும்பு கடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

உனக்கு நன்றி, தம்பி. நீ அந்தக் கடுதாசி எழுதியிருக்காவிட்டால் நான் மாரப்பன் கடை வாசலிலேயே கிழவியாகியிருப்பேன். மருந்தை இரண்டு வேளையும் போடு.

அக்காளுக்கு அந்த மரம் பிடிக்கும் என்று இனிமேல் நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

உன் அக்காள்
கண்ணாயி